ஏழாவது பாய்

நில்மினி தயிர்ச் சட்டிக்குக் கயிறு கட்டுவது ஒரு கையால்தான். வலது கை சட்டியைச் சுற்றிக் கயிற்றை ஓட்டும். முடிச்சின் ஒரு முனையைப் பல் பிடித்துக்கொள்ளும். இடது கை வளைவில் மகன் செனுல் பால் குடித்துக்கொண்டிருப்பான். இரண்டு வயது தாண்டிய பயல். குடித்தபடியே ஒரு காலால் சட்டி அடுக்கை உதைப்பான். "உடைச்சேன்னா ஒன் அப்பன்கிட்டத்தான் காசு வாங்குவேன்" என்று பல்லில் கயிற்றோடு அவள் சொல்வது அவனுக்குப் புரியும். உதைப்பதை நிறுத்திவிட்டு, கால் விரலால் சட்டியின் விளிம்பைத் தடவ ஆரம்பிப்பான்.

கதிர்காமம் போகிற வண்டிகளெல்லாம் எங்கள் கொஹொம்ப சந்தியில் தயிருக்கு நிற்கும். ஆண்கள் மிடுக்காக இறங்கி வருவார்கள். கடைக்கு முன்னால் வந்ததும் சட்டென்று எல்லோருக்கும் வானத்தில் ஏதோ வேலை வந்துவிடும்.

"மேல என்னங்க பாக்குறீங்க? தயிரு கீழ இருக்கு" என்பாள் நில்மினி.

முப்பத்தைந்து வயதிருக்கும். உயரம் கம்மி, குரல் அதிகம். அவளுடைய இடது கை நிமிர்ந்து யாரும் பார்த்திருக்க முடியாது. மகன் விளையாடப் போயிருக்கும்போதும் அது முழங்கையில் மடங்கி, இடுப்புக்கு மேலே காத்துக்கொண்டிருக்கும். மூன்று பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக அந்த வளைவில் வளர்ந்ததில் கைக்கு அதுவே பழகிவிட்டது. பஸ்ஸை மறிப்பது, தலை சொறிவது, சண்டை போடுவது எல்லாம் வலது கையின் பொறுப்பு.

கணவன் ஜயலத் குளத்தங்கரையில் எருமை மேய்க்கிறான். அவன் கறக்கிறான், இவள் உறை ஊற்றி விற்கிறாள். வெறும் சட்டி வந்து இறங்கினால் ஒவ்வொன்றையும் விரலால் சுண்டி, காதில் வைத்துக் கேட்பாள். கீறல் விட்ட சட்டி அவளிடம் தப்பாது. இன்னொரு பழக்கமும் உண்டு. கடைசிச் சட்டி விற்றுப்போன பிறகு யாராவது வந்து கேட்டால், "இல்லை", "முடிஞ்சுபோச்சு" என்ற வார்த்தைகள் அவள் வாயில் வராது. "காலைல இருக்கு" என்பாள். பால் விஷயத்தில் அப்படிப் பேசக்கூடாதாம்.

அவள் கடைக்கும் என் பாமசிக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புத்தான். பண்டாரவளையிலிருந்து மருந்துக் கடை போட வந்தவன் நான். தலை நரைத்ததெல்லாம் இந்தச் சந்தியில்தான். என் கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டில் குழந்தைப் பால்மா டின்கள் வரிசையாக நிற்கும். நில்மினி அவற்றுக்கு ‘டின் மாடு’ என்று பெயர் வைத்திருக்கிறாள்.

"முதலாளி, ஒங்க டின் மாடு இன்னைக்கு எவ்வளவு கறந்திச்சு?"

"நீ பக்கத்துல கடை போட்டதுக்கப்புறம் அது எங்க கறக்குது?"

இதுதான் எங்கள் காலை வணக்கம். அதற்காக அவளைப் பிடிவாதக்காரி என்று நினைத்துவிடக்கூடாது. ஒரு தடவை, நோய்ப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த ஒருத்தியின் கைக்குழந்தைக்கு டொக்டரே பால்மா எழுதிக் கொடுத்திருந்தார். டின்னுக்குக் காசு போதாமல் சந்தியில் நின்ற அந்தத் தகப்பனை என்னிடம் இழுத்து வந்தவள் நில்மினிதான். "அவசரத்துக்கு இருக்கட்டும். ஆசைக்கு வேணாம்" என்பது அவள் கட்சி. ஆசைக்கு வாங்குகிறவர்கள்தான் என் நல்ல வாடிக்கையாளர்கள் என்பதை அவளுக்கு நான் சொல்லப்போவதில்லை.

எதிரில் வேப்பமரத்தடியில் ஆட்டோ நிறுத்தம். எல்லாம் இளவட்டங்கள். அவர்கள் எல்லோரும் அவளுக்கு ‘மல்லி’, அதாவது தம்பி. சவாரி இல்லாத நேரத்தில் தயிருக்கு இனிப்புப் பாணி ஊற்றித் தின்ன வருவார்கள். தின்றுவிட்டுச் சும்மா போக முடியாது. கல்யாணம் நிச்சயமானவன், மனைவி முழுகாமல் இருக்கிறவன், இன்னும் பெண்ணே பார்க்காதவன் எல்லோர் கையிலும் ஆளுக்கொரு தயிர்ச் சட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடுவாள். அதைப் பிள்ளையைப் போலத் தோளில் சாய்த்துத் தட்டிக் காட்ட வேண்டும். உடைத்தால் வாங்கியாக வேண்டும்.

"கழுத்தைத் தாங்கு. தலை தொங்குது பாரு."

"அக்கா, சட்டிக்கு ஏது கழுத்து?"

"ஒன் புள்ளைக்கு இருக்கும்ல? சட்டைல கஞ்சியா போட்டிருக்க, இப்படி வெறைச்சு நிக்கிற? தோளைத் தளர்த்து. ம்... இப்பத்தான் அப்பன் மாதிரி இருக்க."

நட்ட நடுப்பகலில் ஏழெட்டு வாலிபர்கள் வேப்பமரத்தடியில் தயிர்ச் சட்டிக்கு ஏப்பம் வரவைத்துக்கொண்டு நிற்கும் காட்சிக்காகவே பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலுக்கு வருவார்கள்.

சனிக்கிழமை டியூசன் விட்டதும் பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்காக அவள் கடை நிழலில்தான் ஒதுங்குவார்கள். பெண் பிள்ளைகள் மெல்ல நெருங்கி வருவார்கள். ஒருத்தி கேட்டாள், "அக்கா, அது வலிக்குமா?"

"மொத நாள்கள்ல கொஞ்சம் இருக்கும். புள்ள வாயை நல்லாப் பெருசாத் தொறக்கணும். காம்பு மட்டுமில்ல, அந்தக் கருப்பு வட்டமும் வாய்க்குள்ள போகணும். நுனியக் கடிச்சிச்சுன்னா ஒனக்கு வலிக்கும், அதுக்குப் பாலும் வராது. அப்புறமும் வலிச்சா மிட்வைஃப் மிஸ்கிட்டக் காட்டணும், பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கக் கூடாது." பிறகு பின்னால் திரும்பி, "அங்க பாரு, கண்ணைப் போன்ல வச்சிட்டுக் காதை இங்க வச்சிருக்கான். வா மல்லி, பக்கத்துல வந்தே கேளு. நீயும் இதக் குடிச்சு வந்தவன்தானே."

வயசுப் பிள்ளைகளிடம் என்ன பேச்சு என்று ஒரு தகப்பன் ஒருநாள் சண்டைக்கு வந்தார். "இப்பச் சொல்லாம, புள்ள பொறந்து வீடே அழுவுற அன்னைக்கா சொல்றது?" என்று கேட்டு, அவர் கையிலும் ஒரு சட்டியைக் கொடுத்தாள். காசு கொடுத்துத்தான் கொண்டுபோனார்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு அம்மை கண்டால், குணமானதும் கிரி அம்மா தானம் கொடுப்பதாக நேர்ந்துகொள்வார்கள். கிரி அம்மா என்றால் பால் தாய். ஏழு பால் தாய்மார் விடியற்காலையில் வந்து வெள்ளை விரித்த ஏழு பாய்களில் உட்காருவார்கள். விளக்கேற்றி, பாற்சோறும் கவும் பலகாரமும் வாழைப்பழமும் படைப்பார்கள். ஒவ்வொருத்தியும் தன் இலையிலிருந்து முதல் கவளத்தைப் பிள்ளைக்கு ஊட்டி வாழ்த்திய பிறகுதான் தான் சாப்பிடுவாள். எப்போதோ பால் கொடுத்த பெரியவர்களை உட்கார வைத்தாலும் போதும் என்று இப்போது பல இடங்களில் ஆகிவிட்டது. எங்கள் சந்தியில் அது நடக்காது. ஏழு பேரைச் சேர்ப்பது நில்மினியின் வேலை. இப்போது பால் குடிக்கிற பிள்ளை உள்ளவள்தான் பாயில் உட்காரலாம் என்பது அவள் சட்டம். தலைப்பிள்ளை பிறந்ததிலிருந்து ஒரு பாய் எப்போதும் அவளுடையது.

போன வருடம் ஒரு தானத்தில் சீலாவதி மாமி போய் ஒரு பாயில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து பிள்ளை பெற்றவள், ஊரில் மதிப்பானவள். நில்மினி அவள் எதிரில் போய் நின்று, "மாமி, ஒங்க கடைசிப் புள்ள ஆட்டோ ஓட்டுது. எழும்புங்க" என்றாள். கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமி எழுந்தாள். அன்றிலிருந்து அவள் தயிர் வாங்குவது ரோட்டுக்கு அந்தப் பக்கம், அரை மைல் நடந்து போய்.

அந்தக் கடைசிப் பிள்ளைதான் சமோத். நிறுத்தத்தில் இருக்கிற பையன்களில் சாதுவானவன், சட்டியை ஒரு தடவைகூட உடைக்காதவன். இந்த வருடம் அவன் மனைவி உதாரிக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. ஒரு மாதம் கழித்து, தூங்காத முகத்தோடு என் கடைக்கு வந்து மேல்தட்டைக் காட்டினான். நானும் டின்னை எடுத்து வைத்தேன். கடைக்காரன் வேறென்ன செய்வான்? தகரத் தடுப்புக்கு மேலே நில்மினியின் தலை முளைத்தது.

"எத்தனாவது டின் மல்லி?"

"ரெண்டாவது அக்கா. உதாரிக்குப் பால் இல்..."

"அந்த வார்த்தைய என் காதுல போடாத. யாரு சொன்னா?"

"அம்மாதான். பெரியம்மாவும் சொல்றாங்க. பக்கத்து வீட்டுலருந்து வந்து பாத்தவங்களும் சொல்றாங்க. புள்ள பொழுதுசாய அழுதுக்கிட்டே இருக்கு."

"பொழுதுசாய எல்லாப் புள்ளையும்தான் அழுவும். நீ அழலியா? ஒங்க அம்மாகிட்டக் கேளு." தடுப்பைச் சுற்றி வந்து அவன் முன்னால் நின்றாள். "ஜயலத் மாமா எருமைய எப்படிக் கறப்பாரு, பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன். கன்னுக்குட்டிய விடுவாரு. மெதுவாப் பேசிக்கிட்டே தடவிக் குடுப்பாரு."

"அந்த எருமையச் சுத்தி நாலு பேரு நின்னு, ‘பால் இல்ல, பால் இல்ல’ன்னு கத்துனா?"

சமோத் மேசையிலிருந்த டின்னைப் பார்த்தான்.

"டின்னு குடிச்ச நேரமெல்லாம் புள்ள அம்மாகிட்டப் போறதில்ல. கறக்காம விட்ட எருமை என்ன ஆவும்?"

"வத்தும்."

"அதுதான் நடக்குது ஒங்க வீட்டுல. நான் அங்க வர முடியாது, ஒங்க அம்மா வெளக்குமாத்த எடுப்பாங்க. நீதான் செய்யணும். அந்த ரூமுல கூட்டம் கூடாது. புள்ள வாயைச் சப்புனா, கையைச் சப்புனா, அழுவுறதுக்கு முன்னயே தூக்கி அவகிட்டக் குடு. அவளுக்குச் சோறு, தண்ணி ஒன் கையால போகணும். டின்ன ஒரேயடியா நிறுத்திப்புடாத. மிட்வைஃப் மிஸ்கிட்டக் கூட்டிட்டுப் போய் புள்ளையோட நிறை பாத்து, அவங்க சொல்ற மாதிரி கொறைச்சுக்கிட்டு வா."

அவன் டின்னையும் வாங்கிக்கொண்டுதான் போனான். ஆனால் மறுநாளிலிருந்து வேப்பமரத்தடியில் வேறு பேச்சே இல்லை. சமோத் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டானாம். அம்மா எட்டிப் பார்த்தால் தேத்தண்ணி கேட்பானாம். பெரியம்மா வந்தால், "வாங்க, ஆட்டோவுல வீட்ல விடுறேன்" என்று கொண்டுபோய் விட்டுவிடுவானாம். பையன்கள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கல்யாணமே ஆகாதவன், "கருப்பு வட்டம் முழுசா உள்ள போகுதாடா?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன். பிறகு ஒருநாள் சமோத் ஆட்டோவை நிறுத்தாமலேயே, "நிறை கூடிருச்சு அக்கா" என்று கத்திக்கொண்டு போனான். சாயந்தரம் திறக்காத டின் ஒன்று என்னிடம் திரும்பி வந்தது. முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டு வாங்கி மேல்தட்டில் வைத்தேன். உள்ளுக்குள் எனக்கும் சந்தோஷம்தான்.

சீலாவதி மாமி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. கோயிலிலும் கிணற்றடியிலும், "பாவம், என் மருமகளுக்குப் பாலே இல்ல" என்று முன்பு சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க அவளுக்கு வழி தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் பியதிலக்கவின் பேத்திக்கு அம்மை வந்து குணமானது. ஞாயிற்றுக்கிழமை தானம் என்று நாள் குறித்துவிட்டு, ஏழு பேருக்கு நில்மினியிடம் சொன்னார்கள். கைக்குழந்தைக்காரிகள் பாதிப்பேர் தாய் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மீதிப்பேரில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனவர்கள் பால் கொடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். அலைந்து திரிந்து ஆறு பேரைப் பிடித்தாள். ஏழாவது அவளே.

புதன்கிழமை மதியம் செனுல் ஓடி வந்தான். வழக்கம்போல இடது கை அவனை அள்ளியது. அவன் தலையைப் பின்னால் இழுத்து, "வேணாம். பனிஸ்" என்றான். மறுபடி முயன்றாள். சிரித்துக்கொண்டே அம்மாவின் சட்டையை இழுத்து மூடிவிட்டு, பேக்கரியைக் கைகாட்டினான். அவளும் சிரித்தாள். பனிஸ் ரொட்டி வாங்கிக் கொடுத்தாள். அப்புறம் துடைத்து வைத்த சட்டிகளையே எடுத்து மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். வியாழன், வெள்ளியும் பனிஸ்தான்.

"சும்மா போய் உட்காரு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். "செவ்வாய்க்கிழமை வரைக்கும் குடிச்சவன்தானே?"

"சீலா மாமிய எழுப்புன வாய் இது முதலாளி." சட்டியைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது. "மூணு புள்ளைக்குக் குடுத்தாச்சு. இன்னொன்னு வேணாம்னு நாங்க முடிவு பண்ணியாச்சு. இவனே நிறுத்துனது நல்லதுதான். ஆனாலும் என்னமோ மாதிரி இருக்கு. அது கெடக்கட்டும், அந்தச் சின்னப் புள்ளைக்கு நேர்ந்தது நேர்ந்தபடி நடக்கணும். ஏழாவதுக்கு இந்தச் சந்தியில இன்னும் ஒருத்திதான் இருக்கா."

சமோத் வழியாகச் சொல்லி அனுப்பினாள். பதில் நடந்து வந்தது. சனிக்கிழமை காலை, சீலாவதி மாமி குடையை மடக்காமலே கடைக்குள் நுழைந்தாள்.

"என்னைப் பாயிலருந்து எழுப்பி விட்டவ, இப்ப என் மருமகளக் கேக்குறியாமே?"

"ஆமா மாமி. நானும் எழும்பிட்டேன்."

"நீ எதுக்கு?"

நில்மினி தலையால் காட்டினாள். செனுல் ஒரு மூலையில் உட்கார்ந்து பனிஸைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். மாமி அவனைப் பார்த்தாள். குடை தானாக மடங்கியது.

"எப்பலருந்து?"

"புதன்கிழமை."

"பால் கட்டிக்கிட்டு வலிக்குதா?"

"கொஞ்சம்."

"முட்டைக்கோவா இலை வச்சியா? குளிர்ந்ததா வைக்கணும்." சொல்லிவிட்ட பிறகுதான் தான் சண்டைக்கு வந்தது மாமிக்கு ஞாபகம் வந்தது. "அதுக்காக அவ வருவான்னு நெனைக்காத. பாலே இல்லன்னு ஊருக்கெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். இப்பக் கூட்டிட்டு வந்து கிரி அம்மாவா உட்கார வச்சா, ஊரு என்னப் பாத்துச் சிரிக்கும்."

"சிரிச்சா என்ன மாமி? போன வருஷம் சிரிச்சத விடக் கொஞ்சமாத்தான் சிரிக்கும்."

மாமி முறைத்தாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. போகும்போது அடுக்கிலிருந்து ஒரு தயிர்ச் சட்டியை எடுத்துக்கொண்டு, காசை வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு விடியும்போது பியதிலக்க வீட்டு முற்றம் நிறைந்திருந்தது. ஏழு பாய் விரித்திருந்தார்கள். ஆறு பேர் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பாற்சோறு ஆறிக்கொண்டிருந்தது. நில்மினி தானத்துக்கான தயிர்ச் சட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, முற்றத்தோரம் பலா மரத்தடியில் நின்றாள். ஒரு பாய் எப்போதும் தனக்கென்று இருந்த இடத்தில் அவள் அப்படி ஓரமாக நின்றது எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை.

"வாயேன் நில்மினி, வெளக்கேத்த நேரமாகுது" என்றார் பியதிலக்க.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள். கண் ரோட்டில் இருந்தது.

ஆட்டோ சத்தம் கேட்டது. முதலில் ஒரு தலையணை இறங்கியது, அதற்குப் பின்னால் சீலாவதி மாமி. "தள்ளுங்க, தள்ளுங்க, புள்ளக்காரி வர்றா." உதாரி வெள்ளை உடுத்து, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு தலை குனிந்தபடி வந்தாள். இருபது வயதுப் பெண். ஏழாவது பாயில் அவளை உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டு, மாமி இடுப்பில் கைவைத்து ஊரைப் பார்த்தாள். யாராவது சிரிக்கட்டும் பார்ப்போம் என்கிற மாதிரி. யாரும் சிரிக்கவில்லை.

விளக்கேற்றினார்கள். அம்மைத் தழும்பு ஆறாத பேத்தியைக் கொண்டுவந்து நடுவில் விட்டார்கள். இத்தனை முகங்களைக் கண்ட குழந்தை வீரிட்டு அழுதது. அந்த அழுகைக்கு உதாரியின் வெள்ளைச் சட்டை இரண்டு பக்கமும் பால் சுரந்து நனைந்தது. அவள் பதறிக் கையால் மறைத்தாள். மாமியின் குரல் கூரையை எட்டியது.

"பாத்துக்கிட்டீங்களா எல்லாரும்? ஊரான் வீட்டுப் புள்ள அழுததுக்கே இப்படி!"

இப்போது ஊர் சிரித்தது. எல்லோரையும்விட அதிகம் சிரித்தது மாமிதான். வாசலில் நின்ற சமோத் தரையைப் பார்த்துச் சிரித்தான். நான் மரியாதைக்கு வானத்தைப் பார்த்தேன். "மேல என்ன முதலாளி?" என்று பலா மரத்தடியிலிருந்து குரல் வந்தது.

உதாரி தன் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அவன் பசியாறி, வாயோரம் பால் வழியக் கண்ணை மூடினான். இனி அவள் பேத்திக்கு ஊட்ட வேண்டும், தானும் சாப்பிட வேண்டும். இரண்டு கையும் வேண்டும். சீலாவதி மாமி குனிந்து பேரனை வாங்கிக்கொண்டாள். பாய் வரிசையைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, பலா மரத்தடிக்குப் போனாள். நில்மினியின் இடது கை எப்போதும்போல மடங்கி, இடுப்புக்கு மேலே சும்மா நின்றது. மாமி பேரனை அந்த வளைவில் வைத்து, தலையைச் சரியாகச் சாய்த்துவிட்டு, பாற்சோறு பரிமாறத் திரும்பி நடந்தாள்.